வரைந்த கோடும் தீட்டும் கையும்

பிறர் வரைந்து தந்த கோட்டுக்குள் நிறம் நிரப்பும் ஒரு குழந்தையின் செயலில், அக்குழந்தைக்கு உரியது எவ்வளவு? கேள்வி அற்பமானதாகத் தோன்றலாம். வலிவடக்கின் காணிகளும் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மாரும் கடற்றொழிலாளரின் வலைகளும் நம்முன் தீராத வினாக்களாய் நிற்கையில், வீடியோ விளையாட்டுப் பொம்மையொன்றின் தொப்பிக்கு நிறம் தீட்டுவதைப் பற்றி ஆராய்ச்சி வேண்டுமா என்று நண்பர்கள் சினக்கவும் கூடும். சினம் நியாயமானதே. எனினும் மனிதனின் சுதந்திரம் பற்றி நாம் பேசும் பெரிய வார்த்தைகளெல்லாம் நான்கு வயதுப் பிள்ளையின் கையிலுள்ள பஸ்டல் துண்டுக்குப் பொருந்துமா, பொருந்தாதா என்று பார்த்துவிடுவதில் நட்டம் ஒன்றும் இல்லை. பொருந்தாவிடின் குறை அவ்வார்த்தைகளிலேயே இருத்தல் வேண்டும்.

பொருள் யாதெனின், ஒரு வெள்ளைத்தாள். அதில் கரிய கோடுகளால் ஆன ஓர் உருவம்: முன்புறம் விளிம்பு நீண்ட தொப்பி, உருண்ட மூக்கு, தடித்த மீசை, தோள்வார் வைத்த தொழிலாளர் காற்சட்டை. மாரியோ என்பது பெயர். யப்பானிய நிறுவனமாகிய நின்ரெண்டோவின் சிருட்டி. பண்டத்தரிப்புச் சந்தியிலாயினும், சங்கானையிலாயினும், மானிப்பாயிலாயினும் ஒரு கொம்யூனிக்கேசன் கடைக்குச் சென்று கேட்டால், சில ரூபாய்க்கு இத்தாளை அச்சிட்டுத் தருவார்கள். முன்பள்ளிக்கு முப்பது பிரதி, வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பிரதி, பிறந்தநாள் விழாவுக்குப் பத்துப் பிரதி. பிள்ளைக்கு மாரியோவை அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. தாயின் கைத்தொலைபேசியில் ஏற்கெனவே பழக்கம். பிள்ளை அறியாதிருப்பது தன் ஊரில் 1820இல் வந்து குடியமர்ந்த வைத்தியர் ஸ்கடரின் பெயரைத்தான். அதனை அறிய வேண்டிய வயதும் இன்னும் வரவில்லை.

இக்கோடு எங்ஙனம் பிறந்தது என்பதை முதலில் நோக்குதல் நன்று. 1889இல் கியோட்டோ நகரில் புசாஜிரோ யமவுச்சி என்பவர் பூ அட்டைகள் எனப்படும் சீட்டுகளைச் செய்து விற்கத் தொடங்கினார். முசுக்கட்டைப் பட்டையால் ஆன தாளில் கையால் செய்யப்பட்ட சீட்டுகள் அவை. அக்கைத்தொழிலே நின்ரெண்டோவாக வளர்ந்தது. 1981இல் அந்நிறுவனத்தின் இளம் வரைஞர் சிகேரு மியமோத்தோ ‘டொங்கி கொங்’ என்னும் விளையாட்டுக்காக ஒரு மனிதனை வரைய வேண்டியிருந்தது. அவருக்குக் கிடைத்த இடமோ 16க்கு 16 புள்ளிகள் கொண்ட ஒரு சதுரம். நிறங்களும் மிகச் சில. அச்சிறு சதுரத்தில் வாயை வரைய இயலாது. ஆகவே மீசை வந்தது. தலைமயிர் அசைவதைக் காட்ட இயலாது. ஆகவே தொப்பி வந்தது. கை உடலோடு கலந்து மறைந்துவிடாதிருக்கச் சட்டைக்கு ஒரு நிறமும் தோள்வார்க் காற்சட்டைக்கு ஒரு நிறமும் வந்தன. நம் வீட்டு முற்றத்துப் புள்ளிக்கோலத்தை நினைத்துக்கொண்டால் வாசகருக்கு இவ்விடயம் எளிதில் விளங்கும். புள்ளிகளின் எண்ணிக்கை எவ்வளவோ அதற்குள்தான் மலர்.

கலைஞனின் தனிமேதையிலிருந்து உருவங்கள் வானத்து மின்னலாய் இறங்குகின்றன என்போருக்கு இது நல்ல விடை. கருவியின் வறுமையும் பொருளின் எல்லையும் மீசையைக்கூட முளைக்கச் செய்கின்றன. ஆனால் இங்கு ஒன்றனைக் கவனிக்க வேண்டும். எந்த நிர்ப்பந்தம் அவ்வுருவத்தை உண்டாக்கியதோ அந்த நிர்ப்பந்தம் பின்னர் நீங்கிவிட்டது. இன்றைய கணினியால் ஒரு மயிரிழையின் நிழலையும் காட்ட முடியும். எனினும் தொப்பி கழலவில்லை, மீசை மழிக்கப்படவில்லை. தேவையாய்ப் பிறந்தது சொத்தாய் நிலைபெற்றது. 2023இல் இவ்வுருவத்தைக் கொண்டு எடுத்த திரைப்படம் உலகெங்கும் 130 கோடி டொலருக்கு மேல் ஈட்டிற்று. மீசைக்கு அவ்வளவு விலை.

மாரியோ முதலில் தச்சன். 1983இல் வெளிவந்த அடுத்த விளையாட்டில் குழாய் பொருத்தும் தொழிலாளி. உலகச் சிறுவர்கள் இத்துணை பேர் நேசிக்கும் வீரன் அரசகுமாரனல்லன், போர்த்தளபதியுமல்லன், ஓர் உழைப்பாளி என்று நாம் மகிழ்ந்துகொள்ளலாம். ஆயின் அவர் குழாய் பொருத்துவதை எவரும் கண்டதில்லை. குழாயினுள் நுழைந்து செல்வதைத்தான் காண்கிறோம். வேலையுடை மாத்திரம் எஞ்சியிருக்கின்றது, வேலை மறைந்துவிட்டது. அவர் செய்வது பொற்காசு பொறுக்குவது. 1985ஆம் ஆண்டு விளையாட்டின் விதிப்படி நூறு காசு சேர்ந்தால் ஓர் உயிர் மேலதிகமாய்க் கிடைக்கும். நூறு காசுக்கு ஓர் உயிர் என்னும் கணக்கை நம் அரசியற் பொருளாதாரப் பேராசிரியர்கள் இத்துணை தெளிவாய் எழுதியதில்லை.

இனி நிறத்துக்கு வருவோம். நிறந்தீட்டல் குழந்தைகளின் விளையாட்டு என்பது இன்று எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அது ஒருகாலத்தில் குழந்தைகளின் கூலி வேலையாயிருந்தது என்பது பலருக்குத் தெரியாது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இலண்டனில் அச்சான சிறுவர் நூல்களின் படங்கள் கறுப்புக் கோடுகளாகவே அச்சாகின. நிற அச்சு அப்போது பரவவில்லை. ஒரு நீண்ட மேசையைச் சுற்றிச் சிறுவரும் சிறுமியரும் அமர்வர். ஒருவர் கையில் சிவப்பு. அடுத்தவர் கையில் நீலம். அதற்கடுத்தவர் கையில் மஞ்சள். முன்னே மாதிரிப் படம் ஒன்று. தாள் கைமாறிக் கைமாறிச் செல்லும். ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு விதிக்கப்பட்ட இடத்தில் தனக்கு விதிக்கப்பட்ட நிறத்தை மாத்திரம் இடும். பிரான்சிய எப்பினால் நகரின் புகழ்பெற்ற படங்களும் தகட்டு வெட்டுகளின் வழியே இத்தகைய கைகளால் நிறமூட்டப்பட்டவையே. செல்வர் வீட்டுப் பிள்ளை படித்து மகிழ்ந்த நூலின் வண்ணத்துக்குப் பின்னால் ஏழை வீட்டுப் பிள்ளையின் வளைந்த முதுகு இருந்தது.

பின்னர் நிற அச்சு இயந்திரம் வந்தது, அம்மேசைகள் வெறிதாயின. அதன்பின் நடந்தது விந்தை. 1880ஐ அடுத்து நியூயோர்க்கில் மக்லோக்லின் சகோதரர்கள் நிறமற்ற கோட்டுப்படங்களை நூலாக்கி, ‘நீங்களே நிறம் தீட்டுங்கள்’ என்று சிறுவர்க்கு விற்கலாயினர். முன்பு கூலி கொடுத்துச் செய்வித்த வேலையை இப்போது விலை வாங்கிக்கொண்டு செய்வித்தார்கள். இயந்திரம் விழுங்கிய உழைப்பு விளையாட்டாய்த் திரும்பி வந்தது. இதனைச் சூழ்ச்சி என்று மாத்திரம் சொல்லிவிடுவது அவசர புத்தி. உழைப்பு விளையாட்டாக மாறும் நாளைத்தானே நாமும் எதிர்பார்க்கிறோம்? அக்குழந்தைக்கு இப்போது முதலாளியில்லை, நேரக்கட்டில்லை, நீலத்தை விட்டுச் சிவப்பை எடுக்கலாம். ஆனால் மாதிரிப் படம் மாத்திரம் மேசையை விட்டு அகலவில்லை. தாளில் இல்லாவிடினும் பிள்ளையின் நினைவில் அது இருக்கின்றது: தொப்பி சிவப்பு, காற்சட்டை நீலம்.

மார்க்ஸ் 1867இல் வெளியிட்ட ‘மூலதனம்’ முதற்றொகுதியில் தேனீயையும் கட்டடக் கலைஞனையும் ஒப்பிடும் இடம் இம்மாத இதழின் வாசகர் பலருக்கும் பழக்கமானது. கட்டடக் கலைஞனில் மிகத் தாழ்ந்தவனும் தேனீயினும் உயர்வது, கட்டுவதற்கு முன்னரே அக்கட்டடத்தை அவன் மனத்தில் எழுப்பிவிடுவதால். மனிதச் செயலின் சிறப்பு, கருதலும் செய்தலும் ஓர் உயிருக்குள் சேர்ந்திருப்பது என்பதே அங்குப் பொருள். அவ்விரண்டையும் பிரித்துக் கருதலை ஓரிடத்திலும் செய்தலை இன்னோரிடத்திலும் வைப்பதுதான் நவீன உற்பத்தி முறையின் இயல்பு. 1978இல் கட்டுநாயக்காவிற் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்ட நாள்முதல் நம் நாட்டுப் பெண்கள் இலட்சக்கணக்கில் அதனை அறிவார்கள். சட்டையின் கோடு வேறு நாட்டில் வரையப்படுகின்றது, தையல் இங்கே. கோடு தாண்டாது தைப்பவளே நல்ல தொழிலாளி. ‘கோடு தாண்டாமல் தீட்டு’ என்று முன்பள்ளியிற் சொல்லப்படும் அதே வாக்கியம் எத்துணைக் காலம் நம்மைத் தொடர்ந்து வருகின்றது பாருங்கள்.

இவ்வாறான எதிர்ப்பு புதியதன்று. வியன்னாவில் ஓவியம் கற்பித்து, 1938இல் நாசிசத்துக்குத் தப்பியோடி, அமெரிக்காவின் வேர்ஜினியா மாநிலத்துக் கறுப்பின மாணவர் கல்லூரியாகிய ஹம்ப்ரனில் ஆசிரியரான விக்ரர் லோவன்பெல்ட், 1947இல் வெளியிட்ட தமது நூலில் நிறந்தீட்டும் புத்தகங்களைக் கடுமையாய்க் கண்டித்தார். பறவையைத் தன் கண்ணாற் கண்டு தன் வழியில் வரைந்த பிள்ளை, அச்சிட்ட பறவைக்கு நிறந்தீட்டிய பின்னர் அச்சுப் பறவையையே திரும்பத் திரும்ப வரைகின்றது என்பது அவர் கருத்து. தன் கோடு அழகில்லை என்று அது முடிவு செய்துவிடுகின்றது. பின்வந்த ஆய்வாளர் சிலர் இதனை இத்துணை உறுதியாய் ஏற்கவில்லை. ஆயினும் முன்பள்ளிக்குச் சென்றோர் ஒன்றனைக் கேட்டிருப்பார்கள். வெற்றுத்தாளைக் கொடுத்தால் ‘எனக்குக் கீறத் தெரியாது, நீங்கள் கீறித் தாங்கோ ரீச்சர்’ என்று நீளும் சிறு கையை. நான்கு வயதில் ஒருவருக்குத் ‘தெரியாது’ என்று எவர் கற்பித்தார்?

இங்கே ஒரு தடை எழுகின்றது. அதனை நேர்மையாய் எதிர்கொள்ள வேண்டும். தரப்பட்ட கோடு அடிமைத்தனம் என்றால் நம் கல்வியின் தொடக்கமே அடிமைத்தனமன்றோ? விசயதசமியன்று ஏடு தொடக்கும்போது, பெரியவர் ஒருவர் குழந்தையின் விரலைப் பிடித்துப் பரப்பிய அரிசியில் அகரத்தை எழுதுகின்றார். விரல் பிள்ளையினது, கோடு பிறரது. ஆசிரியர் எழுதிக் கொடுத்த எழுத்தின்மேலே பிள்ளை பலமுறை எழுதிப் பழகுகின்றது. குழந்தையின் சுயாதீனத்துக்காகவே வாழ்ந்த மரியா மொண்டிசோரி அம்மையாரும்கூட உலோகத் தகட்டு வடிவங்களின் விளிம்பை வரையச் செய்து, அவ்விளிம்புக்குள் வண்ணப் பென்சிலால் கோடிட்டு நிரப்பச் செய்தார். எழுதும் கைக்கு அது பயிற்சி. நம் தாய்மொழியும் நமக்கு முன்னரே வரையப்பட்ட கோடுதான். அதனை எவரும் நான்கு வயதிற் சுயமாய்ச் சிருட்டிப்பதில்லை. ஒன்றுமே தரப்படாத வெறுமையிற் சுதந்திரம் முளைக்கும் என்பது வயிறு நிறைந்தோரின் கற்பனை.

ஆகவே, கோடு தரப்பட்டதா என்பதன்று வினா. தரப்பட்ட கோடு பிள்ளையை எங்கே கொண்டுபோய் விடுகின்றது என்பதே வினா. அகரத்தைக் கற்ற பிள்ளை ‘அம்மா’ என்று எழுதலாம். அதிகாரிக்கு எதிராக மனுவும் எழுதலாம். பிடித்த கையை ஆசிரியர் விட்டுவிடுவதற்காகவே பிடிக்கின்றார். மொண்டிசோரியின் தகடு சில மாதங்களில் அலுமாரிக்குத் திரும்பிவிடும். கோலத்தின் புள்ளியோ, எந்தப் பெண்ணும் அதனைக் கூட்டலாம் குறைக்கலாம். அவளுடைய மகள் வேறு விதமாய்ச் சுற்றலாம். காலையிலிட்டது மாலைக்குள் கால்பட்டு அழியும், எவரும் வழக்குத் தொடுப்பதில்லை. மாரியோவின் கோடு அத்தகையதன்று. அதனை நிரப்பிய பிள்ளை அடுத்ததாய் இன்னொரு மாரியோவையே கேட்கும். மறைவதற்காக வந்த கோடன்று அது, நிலைப்பதற்காக வந்தது. நிறுவனமே தன் தளத்தில் சிறுவர்க்கென இத்தகைய படங்களை இலவசமாய் வெளியிடுவதன் காரணமும் இதுவே. விலையின்றிக் கொடுப்பவர் எதையோ பெற்றுக்கொள்கிறார் என்பதை நம் ஊர்ச் சில்லறை வியாபாரியும் அறிவார்.

இவ்விடத்திற் பண்டத்தரிப்பின் பழங்கதையைச் சற்றே நீட்டிச் சொல்ல விரும்புகிறேன். பிறர் வரைந்த கோட்டுக்குள் நிறமாய் நிற்க நேர்ந்த அனுபவம் இவ்வூருக்குப் புதிதன்று. 1672இல் அம்ஸ்ரடாமில் வெளியான பால்தேயுப் பாதிரியாரின் நூலில் பண்டத்தரிப்புத் தேவாலயத்தின் செப்புத்தகட்டுச் சித்திரம் உண்டு. ஊர் முதன்முதலாய்க் கோடாகி அச்சேறியது ஒல்லாந்தரின் கண்ணுக்காக. அமெரிக்க மிசன் வந்தபின் வைத்தியர் ஜோன் ஸ்கடர் இங்கே நோயாளரைக் கவனித்தார். அவருடைய தொண்டை மறுப்பதற்கில்லை. அதே ஸ்கடர் அமெரிக்கச் சிறுவர்க்குக் கடிதங்களும் எழுதினார். அவை நூல்களாய் அந்நாட்டு ஞாயிறு பாடசாலைகளில் உலவின. அவற்றில் வரும் இந்நாட்டவர் விக்கிரகத்தின் முன் விழுந்து கிடக்கும் இருள்மாந்தர். அமெரிக்கப் பிள்ளை பார்த்திராத ஒரு பிள்ளையின் உருவம் அதற்குக் கோடாய்த் தரப்பட்டது. இரக்கம் என்னும் நிறத்தை அது நிரப்பிக்கொண்டது. சேமித்த காசையும் அனுப்பியது.

காசு அனுப்பியோருக்கு ஓர் உரிமையும் இருந்தது. மிசனின் விடுதிப் பாடசாலைகளில் தாம் ஆதரிக்கும் பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரை இடலாம். இங்ஙனந்தான் சுதுமலை விசுவநாதபிள்ளை ‘டானியேல் கறல்’ ஆனார். சதாசிவம்பிள்ளை ‘ஆர்னல்ட்’ ஆனார். கடலுக்கு அப்பாலிருந்த ஒருவரின் பெயர் இப்பிள்ளைகளின் மேல் ஒரு வெளிக்கோடாய் இறங்கியது. இதனினும் முழுமையான கோட்டுப்படத்தை எண்ணிப் பார்க்க இயலுமா? உடல் உனது, பெயர் எனது.

ஆனால் அக்கோட்டுக்குள் என்ன நடந்தது? கறல் விசுவநாதபிள்ளை 1855இல் ‘வீசகணிதம்’ என்னும் நூலைத் தமிழிற் செய்தார். 1857இல் நிறுவப்பட்ட சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார். பிற்காலத்திற் சைவத்துக்கே மீண்டார். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை கிறித்தவராகவே இருந்து, ‘உதயதாரகை’யின் ஆசிரியராய்ப் பணியாற்றி, 1886இல் தமிழ்ப் புலவர் வரலாறாகிய ‘பாவலர் சரித்திர தீபக’த்தை அளித்தார். ஒருவர் கோட்டைத் தாண்டினார், மற்றவர் தாண்டவில்லை. இருவருமே கோடு வரைந்தவர் எண்ணிப் பார்த்திராத நிறத்தைக் கொண்டு அதனை நிரப்பினார்கள். காசனுப்பிய புண்ணியவான் பீசகணிதத்தைத் தமிழிற் படிக்கவா அனுப்பினார்? இவ்வரலாற்றை முன்வைத்துக் கொண்டு, தரப்பட்ட கோட்டுக்குள் நிற்பவன் கட்டாயம் அடிமை என்று எவரும் சொல்ல முடியாது. தரப்பட்ட கோடு தீங்கற்றது என்றும் சொல்ல முடியாது. விடுதியிற் பெயர் பெற்ற நூற்றுக்கணக்கான பிள்ளைகளுள் நமக்கு நினைவிலிருப்போர் விரல்விட்டு எண்ணத்தக்கவர்.

மாரியோவின் வரலாற்றிலும் இத்தகைய ஓர் இடம் உண்டு. 1983ஆம் ஆண்டு விளையாட்டில் இரண்டாவது ஆட்டக்காரருக்கு ஓர் உருவம் வேண்டியிருந்தது. புதிதாய் வரையப் போதிய இடமில்லை. அதே கோட்டை எடுத்து நிறத்தை மாத்திரம் மாற்றினார்கள். பச்சை நிறத்தில் ஒரு சகோதரன் பிறந்தான். லூயிஜி என்று பெயரிட்டார்கள். நிறம் மாறியதும் ஆளே மாறிவிட்டான். பிறகு அவனுக்கென உயரமும் சுபாவமும் அச்சமும் வந்து சேர்ந்தன. கோடு எசமானன், நிறம் ஏவலாள் என்னும் கருத்தை அவ்வுருவத்தைப் படைத்தவர்களே பொய்யாக்கியிருக்கின்றனர். ஆதலின் பண்டத்தரிப்புப் பிள்ளை மாரியோவின் தொப்பிக்குப் பச்சையோ ஊதாவோ தீட்டினால், ‘பிழை, அது சிவப்பல்லவா?’ என்று திருத்துகின்ற ஆசிரியர், கியோட்டோவிலுள்ளோரினும் அதிக விசுவாசத்தோடு அவர்களுடைய சொத்தைக் காவல் செய்கிறார்.

இனி நம் சொந்த வீட்டைப் பார்க்க வேண்டும். முற்போக்காளராகிய நம்மில் பலர் இத்தகைய இடத்தில் ஓர் இலகுவான முடிவுக்கு வருவதுண்டு: அந்நிய நிறுவனத்தின் பொம்மையை அகற்றுவோம், பனைமரத்தை அச்சிடுவோம், திருவள்ளுவரை அச்சிடுவோம், துலாவும் கிணறும் மாட்டுவண்டியும் அச்சிட்டு முப்பது பிரதி எடுத்துக் கொடுப்போம். நோக்கம் நல்லது. ஆனால் பனையைச் சாளரத்தினூடே பார்க்கத்தக்க இடத்திலிருந்து, அச்சிட்ட பனையின் ஓலைக்குப் பச்சை தீட்டும் பிள்ளைக்கு என்ன விடுதலை வந்தது? கோட்டின் உரிமையாளர் மாறினார். கோட்டின் ஆட்சி மாறவில்லை. சொல்லப்போனால், இரண்டாவது கோடே மீறுவதற்குக் கடினமானது. மாரியோவின் மீசைக்குப் பச்சை தீட்டினால் எவரும் சிரித்துவிட்டுப் போவார். வள்ளுவரின் தாடிக்குப் பச்சை தீட்டினால்? கொடிக்கு நிறம் மாற்றித் தீட்டினால்? தலைவர்களின் முகத்தை, இந்தப் பக்கத்துத் தலைவராயினும் அந்தப் பக்கத்துத் தலைவராயினும், கோணலாய் வரைந்தால்? இம்மண்ணில் எத்துணைப் பேர் எத்துணைக் கோடுகளைப் பிள்ளைகளுக்கு வரைந்து கொடுத்தார்கள், அக்கோடுகளுக்குள் நிரப்பப்பட்ட சிவப்பு எதனாலானது என்பதை அறியாதோர் யார்? 2009க்குப் பின் வன்னியில் முன்பள்ளிகள் பல சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பில் நடத்தப்பட்டன. ஆசிரியைகளின் சம்பளமும் அத்திணைக்களத்திலிருந்து வந்தது. பாலருக்குக் கோடு வரைந்து கொடுக்கும் ஆசை விளையாட்டு நிறுவனங்களுக்கு மாத்திரம் உரியதன்று.

இவ்வளவும் சொன்ன பிறகு, முப்பது பிரதி எடுத்துக்கொண்டு சைக்கிளில் முன்பள்ளிக்குச் செல்லும் அந்த ஆசிரியையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அநீதி. இந்நாட்டிற் கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தது. யாழ்ப்பாணத்தில் ஹன்டி பேரின்பநாயகம் போன்றோர் அதற்காக வாதாடினர். 1980முதல் பாடநூல்களும் இலவசமாயின. ஆயின் இவ்வேற்பாடுகள் பெரும்பாலும் முதலாம் வகுப்பின் வாசலிலிருந்தே தொடங்குகின்றன. அவ்வாசலுக்கு வெளியே நிற்கும் முன்பள்ளியும் அதன் ஆசிரியையும் பிரதேச சபையின் தயவையும் சனசமூக நிலையத்தின் தயவையும் பெற்றோர் தரும் சிறுதொகையையும் நம்பி இருப்பவர்கள். அவருக்குக் கிடைப்பது சம்பளம் என்று சொல்லக் கூசும் தொகை. முப்பது பிள்ளைகள், ஒரு மண்டபம், ஒருவர் அழுகிறார், ஒருவர் வெளியே ஓடுகிறார். ஒரு மாரியோத் தாள் அரைமணி நேர அமைதியைத் தருமாயின், அத்தாளை அவர் எடுக்காதிருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கும் உங்களுக்கும் என்ன தகுதி? வெற்றுத்தாளைக் கொடுத்து ஒவ்வொரு பிள்ளையோடும் அமர்ந்து, ‘இதென்ன, சொல்லுங்கோ பாப்பம்’ என்று கேட்பதற்கு இன்னும் இரண்டு ஆசிரியைகள் வேண்டும். கற்பனைச் சுதந்திரம் என்பது வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரி.

தாளும் அவ்வாறே. 1990ஐத் தொடர்ந்த ஆண்டுகளில் மின்சாரமற்ற குடாநாட்டில் சாம் போத்தல் விளக்கொளியிற் படித்தவர்கள் ஒரு கொப்பியின் கடைசி ஒற்றையும் எப்படிச் சிக்கனமாய் எழுதப்பட்டது என்பதை அறிவர். அந்தத் தலைமுறை கோட்டுப்படம் காணாது வளர்ந்தது. அதனால் அது சுதந்திரமாய் வளர்ந்தது என்று கூறத் துணிபவர் அவ்வாண்டுகளை அறியாதவர். 2022 மார்ச்சில் நாடு வங்குரோத்தின் விளிம்பில் நின்றபோது, தாளும் மையும் இன்றி மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன; கொழும்பில் இரண்டு நாளிதழ்கள் சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தின. தாளுக்கு விலை ஏறினால் முதலிற் குறைவது பிள்ளைகள் கிறுக்குவதற்கான வெற்றுத்தாள்தான். கிறுக்கலை எவரும் செலவு என்று ஒப்புக்கொள்வதில்லை.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், கற்பித்தலுக்காக வகுப்பறையிற் பல பிரதிகள் எடுப்பதையும் நியாயமான பயன்பாட்டின் வகையுள் அடக்குகின்றது. எனவே மாரியோவை முப்பது பிரதி எடுத்த ஆசிரியை கள்ளியல்லள். ஆயின் அதே சட்டம் படைப்பாளி இறந்தபின் 70 ஆண்டுகள்வரை கோட்டைக் காக்கின்றது. நிறந்தீட்டிய கையைப் பற்றி அதற்கு அக்கறையில்லை. இன்று நான்கு வயதாயுள்ள பிள்ளை முதுமையடைந்த பின்னரும் அத்தொப்பி இன்னொருவரின் உடைமையாகவே இருக்கலாம். அந்தப் பிள்ளையின் மனத்தில் மிக ஆழமாய்ப் பதிந்த முகங்களுள் ஒன்று, அதற்குச் சொந்தமாகவே ஆகாது. நம் பாட்டிமாரின் கதைகளில் வந்த நரிக்கும் காகத்துக்கும் இத்தகைய எசமானர் இருக்கவில்லை. வேண்டியவர் வேண்டியபடி நரியின் வாலை நீட்டினார்கள். நேசிக்கும் பொருளை மாற்றிச் சொல்லும் உரிமை நேசிப்பின் ஒரு பகுதி என்று நான் கருதுகிறேன். பிள்ளை மாரியோவை நேசிப்பது உண்மையான நேசந்தான். அதனை ஏளனஞ் செய்வது நம் வேலையன்று. அந்த நேசத்துக்குத் திருத்தும் உரிமை மறுக்கப்பட்டிருப்பதே குற்றம்.

யாழ்ப்பாணத்தில் மாற்கு மாஸ்டர் போன்றோர் பல்லாண்டு இளையோருக்கு ஓவியம் கற்பித்தனர். போர்க்காலத்திலும் அது முற்றாய் நின்றுவிடவில்லை. அவர்களிடம் பயின்றோருள் பலர் பின்னர் தத்தமக்கெனத் தனிக்கோடு கொண்ட ஓவியர்களாயினர். ஒருவர் கோடு மற்றவர் கோட்டைப்போல இல்லை. அத்தகைய ஆசிரியர் ஊருக்கொருவர் இருப்பாரென எதிர்பார்க்க முடியாது. ஆனால் முப்பது பிரதி எடுக்கும் ஆசிரியையிடம் இன்றே கேட்கத்தக்க காரியம் ஒன்று உண்டு, அதற்குச் செலவில்லை. அச்சுப்பொறி தாளின் ஒரு பக்கத்தைத்தான் நிரப்புகின்றது. மறுபக்கம் வெறிதாயிருக்கின்றது. மாரியோவுக்கு நிறம் தீட்டி முடித்த பிள்ளையிடம் தாளைத் திருப்பி, ‘இவர் இப்ப எங்கை போறார்?’ என்று கேட்கலாம்.

அவ்வாறு கேட்ட இடங்களில் வந்த தாள்கள் சிலவற்றை நான் பார்த்திருக்கிறேன். கோடுகள் கோணல், மனிதர் பெரும்பாலும் தலையும் காலுமாகவே நிற்கின்றனர். ஒன்றில் மாரியோ பனையில் ஏறிக்கொண்டிருந்தார். ஒன்றில் கிணற்றடியில் நின்றார். பக்கத்தில் தொப்பியில்லாத ஒருவர், அது அப்பப்பா என்று விளக்கம் கிடைத்தது. இன்னொன்றில் மாரியோவைக் காணவில்லை. தாள் முழுவதும் ஊதா நிறம். அவர் எங்கே என்று கேட்டதற்கு, ‘வேலைக்குப் போட்டார்’ என்று பதில் வந்தது.